மிலான் கண்காட்சி முடிந்து செர்மாட்: எந்த மாதம், எத்தனை நாள்?

ஆம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஷூ ஏற்றுமதித் தொழில். பிப்ரவரி, செப்டம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போய் வருகிறவர். ‘அடுத்த முறை குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தில் செர்மாட் போகலாம் என்று ஆசை. அம்மாவுக்கு 66, பிள்ளைகளுக்கு 11, 6. பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மே மாதம்தான் பள்ளி லீவு, அப்போதே போய்விடலாமா? எத்தனை நாள் வேண்டும்? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?’ இதுதான் கேள்வி.

மே மாதம் வேண்டாம், பாய். மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் உங்கள் லைன்தான். ராணிப்பேட்டையில் டேனரி வேலையில் ஆரம்பித்து, இப்போது மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். செர்மாட்டுக்கு பிப்ரவரியில் ஒருமுறை தனியாகவும், செப்டம்பர் கடைசியில் இரண்டு முறை குடும்பத்தோடும் போயிருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் செய்கிற பெரிய தப்பு மே மாதம் கிளம்புவதுதான். வேலூர் வெயில் 42, 43 டிகிரிக்கு ஏறும்போது எங்கேயாவது பனிமலைக்கு ஓடிவிடலாம் என்று தோன்றுவது நியாயம். ஏலகிரிக்குப் போகிற கணக்கு அது. ஆனால் செர்மாட்டுக்குத் தனிக் காலண்டர் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் பனிச்சறுக்கு சீசன் முடியும். நடைபயணக் கூட்டம் வர ஜூன் ஆகிவிடும். இடைப்பட்ட வாரங்களில் பாதி ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும், கம்பி வண்டிகளில் சிலவற்றைப் பழுதுபார்க்க நிறுத்திவைப்பார்கள். கீழே பனி உருகிச் சேறு, மேலே நடைபாதைகளில் இன்னும் பனி. காசு மட்டும் சுவிஸ் காசு. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரைக்கும் இதே கதைதான்.

நம் பள்ளி லீவுகளை அந்தக் காலண்டரோடு பொருத்திப் பாருங்கள். கோடை லீவு பாழ். அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு மோதும். வருடத்திலேயே அறை வாடகை உச்சத்தில் இருக்கும் பத்து நாள் அது, பல இடங்களில் ஒரு வாரத்துக்குக் குறைவாக அறையே தர மாட்டார்கள். பொங்கல் சமயம் விலை இறங்கும், ஆனால் லீவு நாலு நாள்தான். மிச்சம் இருப்பது காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். உங்கள் கண்காட்சி முடிந்து சில நாளில் அது ஆரம்பிக்கும். வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆகஸ்ட் கூட்டம் கலைந்திருக்கும், கம்பி வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும். லார்ச் என்று ஒரு மரம், ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்ப்பது, அந்த நாட்களில்தான் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற ஆரம்பிக்கும். உங்கள் கண்காட்சித் தேதியும் பிள்ளைகளின் லீவும் இவ்வளவு நெருங்கி வருவது தோல் தொழில்காரர்களுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம். விட்டுவிடாதீர்கள்.

செப்டம்பரில் பனி இருக்குமா என்று கேட்பீர்கள். ஊரில் இருக்காது. செர்மாட் ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிடச் சற்று உயரம், ஊட்டியைவிட நன்றாகவே தாழ்வு. பனி மேலே இருக்கிறது, வருடம் முழுக்க. ஊரின் தென்கோடியிலிருந்து கம்பி வண்டியில் படிப்படியாக ஏறினால் 3,883 மீட்டரில் மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் என்ற நிலையம். ஐரோப்பாவில் கம்பி வண்டி போய்ச் சேரும் மிக உயரமான இடம் இதுதான். தியோடுல் பனியாற்றின் மேல் ஆகஸ்டிலும் பனிச்சறுக்கு நடக்கும். கோடையில் பல நாட்டு அணிகள் அங்கே பயிற்சி எடுப்பதைப் பார்க்கலாம். பனியாற்றுக்குள்ளேயே குடைந்த ஒரு பனிக்குகையும் உண்டு, பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடலாம். இந்தப் பனியும் கரைந்துகொண்டுதான் வருகிறது. 2022 கோடை வெப்பத்தில் சறுக்கை நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. ஆனாலும் உங்கள் ஆறு வயசுப் பிள்ளை பனி உருண்டை பிடித்து அக்காவோ அண்ணனோ மேல் எறிய செப்டம்பரில் அங்கே பனி இருக்கும்.

அம்மாவை மட்டும் அந்த உச்சிக்கு நேராகக் கூட்டிப்போக வேண்டாம். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ரத்தக்கொதிப்போ இருதயக் கோளாறோ இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு ஏற்றது கோர்னர்கிராட் ரயில். 1898-ல் திறந்த பல்சக்கர ரயில், அன்றிலிருந்தே மின்சாரத்தில் ஓடுகிறது. 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு உட்கார்ந்தபடியே போய்விடலாம். ஏறும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், செர்மாட்டின் அடையாளமான மேட்டர்ஹார்ன் மலை அந்தப் பக்கம். மேலே இறங்கினால் கண்முன்னே கோர்னர் பனியாறு வளைந்து கிடக்கும். 4,000 மீட்டரைத் தாண்டிய 29 சிகரங்கள் சுற்றி நிற்கும். அவற்றில் 4,634 மீட்டர் டூஃபோர்ஷ்பிட்ஸ, சுவிஸ் நாட்டின் உச்சி. திரும்பும்போது ஒரு நிலையம் கீழே, ரோட்டன்போடனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ரிஃபெல்சே ஏரி. காற்றில்லாத காலையில் மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். பத்து மணிக்குமேல் காற்று கிளம்பிவிட்டால் வெறும் குட்டைதான்.

எத்தனை நாள் என்றால், மூன்று இரவு குறைந்தபட்சம், நான்கு இருந்தால் நிம்மதி. காரணம் ஒன்றே ஒன்று: மேட்டர்ஹார்ன் ஒளிந்துகொள்ளும். 4,478 மீட்டரில் தனியாக நிற்கும் கூம்பு, சுற்றியுள்ள மேகத்தையெல்லாம் தன் தலையில் சுற்றிக்கொள்ளும். முதல் முறை குடும்பத்தோடு போனபோது ஒன்றரை நாள் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்தோம். என் மனைவி, ‘இதுக்கு ஜவ்வாது மலைக்கே போயிருக்கலாம்’ என்றாள். மூன்றாம் நாள் விடியற்காலை ஏழு மணிக்கு முன்பாக, மாதா கோயில் பக்கத்துப் பாலத்துக்குப் போனோம். ஊரே அங்கேதான் கேமராவோடு நிற்கும். பாலத்தின் கீழே மாட்டர் விஸ்பா ஆறு. நம் பாலாறு பெயரில்தான் பால். இது நிஜமாகவே பால் ஊற்றிய சாம்பல் நிறம், பனியாறு அரைத்துத் தள்ளும் பாறைமாவு கலந்து வருவதால். எல்லாம் இருட்டாக இருக்கும்போது மலையின் நுனியில் மட்டும் ஒரு பொட்டு மாதிரி ஆரஞ்சு விழுந்தது. அது மெதுவாக வழிந்து வழிந்து பாதி மலைவரை இறங்கியது, செம்புக் குடத்தைத் துலக்கிக் கவிழ்த்த மாதிரி. கால் மணி நேரம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் ஜவ்வாது மலையை இழுக்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், மேலே போகும் டிக்கெட்டை ஊரிலிருந்தே எடுத்துவிடாதீர்கள். ஹோட்டல் வரவேற்பறையிலும் நிலையங்களிலும் உச்சிகளின் நேரடிப் படம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து அதைப் பார்த்து, எது தெளிவாக இருக்கிறதோ அங்கே போங்கள். ஒரு ஆளுக்குக் கோர்னர்கிராட் போய்வர, பருவத்தைப் பொறுத்து 100 ஃபிராங்குக்கு முன்பின் ஆகும். ஒரு ஃபிராங்கே நமக்கு நூறு ரூபாய்க்கு மேல். மேகத்தைப் பார்க்க அவ்வளவு கொடுக்கக் கூடாது. மேகமாக இருக்கும் நாளில் ஊருக்குள்ளேயே வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மிலானிலிருந்து போகும் வழி சுலபம். விமானம் எதுவும் வேண்டாம். மிலான் சென்ட்ரலிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் யூரோசிட்டி ரயிலில் ஏறி விஸ்ப்பில் இறங்கி, அங்கே செர்மாட் ரயிலுக்கு மாற வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்றரை, நான்கு மணி நேரம். காட்பாடியிலிருந்து கோயம்புத்தூர் போகிற நேரம்கூட ஆகாது. மிலானை விட்டதும் வலப்பக்கம் உட்காருங்கள், ஸ்ட்ரேசா பக்கத்தில் மஜோரே ஏரியும் அதன் நடுவில் தீவு மாளிகைகளும் தெரியும். டோமோடோசோலாவுக்குப் பிறகு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமான சிம்ப்லான் சுரங்கம், 1906-ல் திறந்தது. இத்தாலியில் உள்ளே போனால் சுவிட்சர்லாந்தில் வெளியே வருவீர்கள். விஸ்ப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பள்ளத்தாக்கு நெருக்கிக்கொண்டே வரும். ராண்டா என்ற ஊர் வரும்போது வலப்பக்கம் ஒரு மலைப்பக்கமே உடைந்து கிடப்பது தெரியும். 1991 ஏப்ரல், மே மாதங்களில் சரிந்த பாறை, பழைய ரயில் பாதையையே மூடிவிட்டது. டேஷ் என்ற ஊரோடு வெளிக் கார்களுக்கு நிறுத்தம். செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் கிடையாது. நிலையத்துக்கு வெளியே நம் ஆட்டோவைக் கொஞ்சம் சதுரமாக்கிய மாதிரி குட்டி மின்சார வண்டிகள் நிற்கும். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயண அட்டை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் நாடு முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு. நீங்கள் செர்மாட்டில் மட்டும் நான்கு நாள் இருப்பதானால் அரைக்கட்டண அட்டையே போதும், ரயிலுக்கும் பெரும்பாலான மலை வண்டிகளுக்கும் பாதி விலை. இரண்டில் எதை வாங்கினாலும் பிள்ளைகளுக்குச் சுவிஸ் ஃபேமிலி கார்டு என்ற பயண அட்டையை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் வரும்.

விசா: உங்களிடம் இத்தாலி கொடுத்த ஷெங்கன் விசா இருக்கும், சுவிட்சர்லாந்துக்கும் அதுவே செல்லும். குடும்பத்துக்குப் புதிதாக எடுக்கும்போது, எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மிலானில் இரண்டு இரவு, செர்மாட்டில் நான்கு என்றால் சுவிஸ். ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. சென்னைக்கு ஒருநாள் நேரில் போய்க் கைரேகை கொடுத்து வர வேண்டும். பன்னிரண்டு வயசுக்குக் கீழே கைரேகை கிடையாது. ஜூலையில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் விசா வந்ததா வந்ததா என்று, சாம்பிள் அனுப்புகிற நேரத்தில் டென்ஷன் வேண்டாம்.

சாப்பாடு. முதலில் கசப்பான செய்தி: மக்கன் பேடா கொண்டுபோக முடியாது. பிரியாணியும் முடியாது, நெய்யும் முடியாது. இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் அங்கே எடுத்துப்போகத் தடை. பிடித்தால் பறிமுதல் செய்து குப்பையில் போடுவார்கள், அபராதமும் உண்டு. அரிசி, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, மசாலாப் பொடி தாராளமாகப் போகலாம், நல்லெண்ணெய் பாட்டிலை மட்டும் நன்றாகச் சுற்றுங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஹோட்டலைவிட அடுப்படி உள்ள அபார்ட்மென்ட் நல்லது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே மிக்ரோஸ், கோப் சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. முட்டை, தயிர், காய்கறி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஹலால் இறைச்சி ஊரில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், மிலானிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, சுவிஸில் எல்லோரும் ஃபோண்டூ சாப்பிடச் சொல்வார்கள். சீஸை உருக்குவதே வெள்ளை ஒயினில்தான், மெனுவில் அதைத் தனியாக எழுத மாட்டார்கள். ராக்லெட் கேளுங்கள், அது வெறும் சீஸை உருக்கி வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழிக்கிறது. உருளையைத் துருவித் தோசை மாதிரி சிவக்க வறுக்கும் ரோஸ்டியும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும், மேலே பன்றிக்கறி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டால். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

உடை பற்றி ஒரு அவமானக் கதை. பிப்ரவரியில் போனபோது கண்காட்சி முடிந்த கையோடு கிளம்பிவிட்டேன். காலில் நாங்களே செய்து ஏற்றுமதி பண்ணும் டெர்பி ஷூ, அடிப்பாகமும் தோல். நிலையத்துக்கு வெளியே பனி உருகி இரவில் திரும்ப உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. மூன்றாவது அடியில் பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கிவிட்ட கிழவர் என் ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு எதிரே இருந்த கடையைக் கை காட்டினார். அங்கே ரப்பர் பட்டையில் இரும்பு முட்கள் வைத்து, ஷூவின் மேல் மாட்டிக்கொள்கிற ஒன்றை விற்கிறார்கள். நீங்கள் செப்டம்பரில் போனாலும், உச்சியில் பனி மேல் நடக்கும் பிள்ளைகளுக்குப் பிடிப்பான ரப்பர் அடி வேண்டும். தெர்மல், கையுறை, காது மூடும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்க்ரீன். கடைசி இரண்டும் அலங்காரத்துக்கு அல்ல. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் நிறத்தையும் உரிக்கும்.

மேகமான நாளுக்கு வருகிறேன். ஹிண்டர்டோர்ஃப் என்று பழைய ஊர்ப்பகுதி, கடைத்தெருவிலிருந்து இரண்டு நிமிட நடை. வெயிலில் கறுத்துப்போன லார்ச் மரத்துக் களஞ்சியங்கள், தரையைத் தொடாமல் குட்டைக் கால்கள் மேல் நிற்கும். ஒவ்வொரு காலுக்கும் வீட்டுக்கும் நடுவே அம்மிக்கல் அளவில் ஒரு வட்டக் கல் தட்டு. எலி காலில் ஏறினாலும் அந்தத் தட்டின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடக்க முடியாமல் விழுந்துவிடும். தானியத்தைக் காக்க அவ்வளவு எளிய வேலை. உங்கள் அம்மாவுக்கு மேட்டர்ஹார்னைவிட இது பிடிக்கலாம். என் அம்மாவுக்கு அப்படித்தான். அங்கிருந்து மியூசியம். 1865 ஜூலை 14-ல் ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் குழுவினர் ஏழு பேர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து செத்தார்கள். அந்த அறுந்த கயிறு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விரல் தடிமன்கூட இருக்காது, பிரிந்த நுனி அப்படியே. என் மகன் அதன் முன்னால் நின்ற அளவு வேறு எதன் முன்னாலும் நிற்கவில்லை.

சிறு பிள்ளைகளுக்கு இன்னோர் இடம் சுன்னெகா. மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஏறும் ரயில் ஐந்து நிமிடத்தில் 2,288 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும், அங்கே லைசே என்ற சின்ன ஏரியும் விளையாட்டு இடமும். உயரம் ஊட்டி அளவுதான் என்பதால் அம்மாவும் வரலாம். முதல் நாள் இதையே வைத்துக்கொண்டால் உடம்பு பழகும். இரண்டாம் நாள் கோர்னர்கிராட், மூன்றாம் நாள் நீங்களும் பிள்ளைகளும் 3,883. வானத்தைப் பார்த்து முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள்.

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மட்டும் குளிர்காலம். செப்டம்பர் பனியாற்றுச் சறுக்கு புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஆகாது. உங்கள் பிப்ரவரிக் கண்காட்சி நடக்கும் வாரங்கள் ஐரோப்பியப் பள்ளிகளின் குளிர்கால லீவோடு மோதும், அறை விலை ஏறிக்கிடக்கும். முடிந்தால் ஜனவரி நடுவில் தனியாக ஒரு பயணம். சறுக்குப் பலகை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்கு. காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா பாருங்கள். விசாவுக்கு எடுக்கிற மலிவுக் காப்பீடு பலவற்றில் அது கிடையாது, மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் பில் லட்சங்களில் வரும்.

திரும்பும் தேதியில் ஒருநாள் இடைவெளி விடுங்கள். செர்மாட்டுக்கு ஒரே ஒரு பள்ளத்தாக்கு வழிதான். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூனில் வெள்ளம், 2025 ஏப்ரலில் திடீர்ப் பனி, இரண்டு முறையும் ரயில் நின்றது. செப்டம்பர் கடைசியில் அவ்வளவு பயம் இல்லை. இருந்தாலும் விமானத்துக்கு முந்தைய இரவு மிலானில் தூங்குவதுபோல் டிக்கெட் போடுங்கள். காலாண்டுத் தேர்வு அட்டவணை வந்ததும் முதலில் அபார்ட்மென்ட்டை, இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் பிடித்துவையுங்கள். விமானம் அதற்கப்புறம்.